திமிங்கலமும் வட்டிக் கணக்கும்

காரைக்குடியில் நான் காலையில் டீ குடிக்கும் கடையில் போன வாரம் ஒரு வீடியோ கைமாறிக்கொண்டிருந்தது. நடுக்கடல். பெரிய கப்பல் ஒன்று, அதன் முன்னால் சுண்டைக்காய் மாதிரி ஒரு ரப்பர் படகு. கப்பலிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், படகில் இருப்பவர்கள் நகர மாட்டேன் என்கிறார்கள். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “அதான் உலகம் பூரா தடை பண்ணிட்டாங்கள்ல, அப்புறம் எப்படிப் பிடிக்கிறான்?” என்றார் ஒருவர். “எல்லாம் அந்தத் திமிங்கல வாந்திக்குத்தாண்ணே, கிலோ கோடிக்குப் போகுது” என்றார் இன்னொருவர். மூன்றாமவர், “நம்ம கண்மாய்ல மீன் பிடிக்கலையா, அது மாதிரிதானே” என்று முடித்தேவிட்டார்.

ஒரு டீ ஆறுவதற்குள் மூன்று தப்பு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டார். ஒரு காலத்தில் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். “அதுல என்ன தம்பி லாபம்?” என்றார். வீடியோவில் அதற்கு விடை இல்லை. அவர் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற மூன்றும் தானாக விளங்கும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

திமிங்கலம் மீன் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் பேச்சில் மீனாகிவிடுகிறது. அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நம் கடற்கரையில் அம்மணி உழுவை என்று சொல்லும் திமிங்கலச் சுறாதான் உண்மையிலேயே மீன்.

திமிங்கல வாந்தி என்பது அம்பர். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகு போன்ற கட்டி. வாசனைத் திரவியத்துக்குப் போகும். இந்தியாவில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பதால்தான் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் அடிக்கடி ஆட்கள் பிடிபடுகிறார்கள். வேட்டைக் கப்பல்கள் அதற்காகப் போவதில்லை. நார்வேக்காரர்கள் பிடிக்கும் மிங்கி வகைத் திமிங்கலத்தில் அம்பர் உருவாவதே கிடையாது. அவர்களுக்கு வேண்டியது கறி.

2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கிப் பாதிக்கு மேல் செத்துப்போனதைப் பலர் நினைவு வைத்திருப்பார்கள். அதற்கும் வேட்டைக்கும் சம்பந்தமில்லை. பரோ தீவுகளிலும் ஜப்பானின் தாய்ஜியிலும் கடல் சிவப்பாகும் படங்கள் வருகின்றனவே, அவையும் வேறு கதை. அங்கே கொல்லப்படுவது பைலட் திமிங்கலம், டால்பின் போன்ற சிறிய இனங்கள். நாம் பேசப்போகும் உலக ஒப்பந்தம் பெருந்திமிங்கலங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அலாஸ்கா, கிரீன்லாந்து பூர்வகுடிகள் தங்கள் சாப்பாட்டுக்காகப் பிடிப்பதற்கும் தனி அனுமதி உண்டு.

மிச்சம் இருப்பதுதான் வணிகத் திமிங்கல வேட்டை: கம்பெனி வைத்து, கப்பல் விட்டு, விற்பதற்காகப் பெருந்திமிங்கலங்களைக் கொல்வது.

கண்மாய் அழியும் நாள்

கண்மாயில் மீன் பிடிப்பது போலத்தானே என்றவரை முழுக்கத் தப்பு சொல்ல மாட்டேன். பாதிவரைக்கும் அந்த உவமை நன்றாகவே ஓடும்.

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் இந்தப் பக்கத்து ஊர்களில் கண்மாய் அழியும். விடியும் முன்பே பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் கரையில் ஊத்தா, கச்சா, வலையோடு நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த நொடி முழுக் கரையும் தண்ணீருக்குள் இருக்கும். ஊத்தா என்பது அடி அகன்று மேல் குறுகிய, இரண்டு பக்கமும் திறந்த கூடை. சேற்றில் அழுத்தியதும் உள்ளே மாட்டிய விரால் மூங்கில் சிம்பில் முட்டுவது உள்ளங்கையில் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு கிடையாது. முந்தியவருக்கு மீன், பிந்தியவருக்குச் சேறு.

1940களிலும் 50களிலும் அண்டார்டிக் கடலில் நடந்ததும் இதுதான். 1946-ல் வாஷிங்டனில் ஒரு ஒப்பந்தம் போட்டு, சர்வதேசத் திமிங்கல ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். ஒரு பருவத்துக்கு எல்லா நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து இவ்வளவுதான் கொல்லலாம் என்று ஒரே மொத்த எண்ணிக்கை வைத்தார்கள். கணக்குக்கு ‘நீலத் திமிங்கல அலகு’ என்று ஒரு அளவு: ஒரு நீலத் திமிங்கலம், அல்லது இரண்டு ‘பின்’ (fin) வகைத் திமிங்கலம், அல்லது இரண்டரை கூனல் திமிங்கலம், அல்லது ஆறு ‘சேய்’ (sei) வகைத் திமிங்கலம், எல்லாம் ஒரே அலகு. ஆரம்பத்தில் ஆண்டுக்கு 16,000 அலகு.

பருவம் திறந்ததும் எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் பாயும். கொன்ற கணக்கை ரேடியோவில் நார்வேயின் சாண்டபியோர்ட் ஊர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் எட்டப்போகிறது என்று தெரிந்ததும் அங்கிருந்து ‘போதும், நிறுத்து’ என்று செய்தி வரும். அதற்குள் எவன் எவ்வளவு அள்ளினானோ அவ்வளவு. இதைத் ‘திமிங்கல ஒலிம்பிக்’ என்றே கேலியாகச் சொன்னார்கள். போதாக்குறைக்குச் சோவியத் கப்பல்கள் பொய்க் கணக்கு எழுதின. ஏறத்தாழ 1,80,000 திமிங்கலங்களைக் கணக்கில் காட்டவே இல்லை என்பது 1990களில்தான் வெளியே வந்தது. பேரேடு இரண்டு வைப்பது எந்தக் கொள்கைக்காரனுக்கும் கைவந்த கலைதான் போலிருக்கிறது.

இனி உவமை உடையும் இடத்துக்கு வருவோம். கண்மாயை அழித்தாலும் அடுத்த மழைக்கு மீன் வந்துவிடும். விரால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நீலத் திமிங்கலமோ ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அப்படிப்பட்ட உயிரை 1930-31 பருவத்தில் மட்டும் 29,000க்கு மேல் கொன்றார்கள். 20ஆம் நூற்றாண்டு முழுக்கச் சேர்த்து எல்லா இனத்திலுமாக ஏறக்குறைய 29 லட்சம். அண்டார்டிக் நீலத் திமிங்கலம் ஒரு கட்டத்தில் பழைய எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது.

சுருக்கமாக: பங்கு பிரிக்காத பொதுச்சொத்து, முந்துகிறவனுக்கே லாபம், திரும்ப நிரம்ப மிகமிக மெதுவான உயிர். இந்த மூன்றும் சேர்ந்ததில் வந்த வினை.

முதலைத் தின்னும் கணக்கு

இதைச் சொல்லி முடித்ததும் கணக்கப்பிள்ளை ஐயா விடவில்லை. “பொதுச்சொத்துன்னா சரி, ஆளுக்காள் அடிச்சுக்குவான். ஒரே முதலாளி கையில இருந்தா அவன் பார்த்துப் பதமாத்தானே பிடிப்பான்? முதல் இருந்தாத்தானே வட்டி?” என்றார்.

நியாயமான கேள்வி. 1973-ல் காலின் கிளார்க் என்ற கனடா நாட்டுக் கணித அறிஞர் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தார். வந்த விடை கசப்பானது. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான்.

ஒரு முதலாளியிடம் 1,000 திமிங்கலம் இருக்கிறது. ஒன்று ஒரு லட்சம் ரூபாய். ஆக முதல் 10 கோடி. கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் பெருகுகிறது என்றால், முதலைத் தொடாமல் வருடம் 40 திமிங்கலம் பிடிக்கலாம். வரவு 40 லட்சம். இதுவே ஆயிரத்தையும் ஒரேயடியாகக் கொன்று விற்று, 10 கோடியை நூற்றுக்கு ஏழு வட்டியில் போட்டால் வருடம் 70 லட்சம். புயல் இல்லை, டீசல் செலவு இல்லை, மாலுமிக்குச் சம்பளம் இல்லை.

அதாவது, உயிர் பெருகும் வேகத்தைவிடப் பணம் பெருகும் வேகம் கூடுதலாக இருந்தால், லாபம் ஒன்றையே பார்க்கும் முதலாளிக்கு அந்த உயிரை ஒழித்துக்கட்டுவதுதான் கணக்குப்படி புத்திசாலித்தனம். அவன் மூடனாக இருக்க வேண்டியதில்லை, கொடியவனாகவும் இருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்திருந்தால் போதும்.

“எண்ணிக்கை குறையக் குறையத் தேடிப் பிடிக்கிற செலவு கூடுமே, அப்ப விட்டுடுவான்ல?” என்று கேட்கலாம். ஒரே இனத்தை மட்டும் தேடிப் போனால் அப்படித்தான். ஆனால் கப்பல் பின் வகைத் திமிங்கலத்துக்காகப் போகும். அதன் வரவே பயணச் செலவைக் கட்டிவிடும். வழியில் ஒரு நீலத் திமிங்கலம் எதிர்ப்பட்டால் அது கூடுதல் வரவு. கெண்டைக்கு வீசிய வலையில் கடைசி விராலும் மாட்டுவது மாதிரி.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாக வட்டி பார்த்த ஊர் இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போய்க் கொடுத்து வாங்கியவர்களின் ஊர். முதலைத் தின்கிறவன் உருப்பட மாட்டான் என்று சொல்லியே பிள்ளைகளை வளர்ப்பார்கள். இங்கே முதலைத் தின்பதுதான் லாபம் என்று கணக்கு வருகிறதே. “கணக்கு சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு” என்றார்.

மொரட்டோரியம் என்றால் என்ன

ஆக, கணக்கை அப்படியே விட்டால் திமிங்கலம் தப்பாது. வெளியிலிருந்து யாராவது கணக்கை மாற்ற வேண்டும். ஒன்று விதி, இன்னொன்று போராட்டம்.

விதியின் பெயர் மொரட்டோரியம். கொரோனா நேரத்தில் இந்தச் சொல் நமக்கெல்லாம் பழகிவிட்டது. 2020-ல் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு மொரட்டோரியம் அறிவித்தபோது எத்தனை பேர் தள்ளுபடி என்று நினைத்துப் பிறகு வட்டியைப் பார்த்துத் திகைத்தார்கள்! மொரட்டோரியம் என்றால் நிறுத்திவைப்பு. ரத்து கிடையாது. திமிங்கல விஷயத்திலும் அதே குழப்பம்தான்.

1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐநா சுற்றுச்சூழல் மாநாடு பத்தாண்டு நிறுத்தம் வேண்டும் என்று கேட்டது. ஆணையம் இழுத்தடித்து, 1982-ல் இங்கிலாந்தின் பிரைட்டனில் வாக்கெடுப்பு நடத்தியது. ஆதரவு 25, எதிர்ப்பு 7, நடுநிலை 5. நான்கில் மூன்று பங்கு கிடைத்ததால் தீர்மானம் நிறைவேறியது. 1985-86 பருவம் முதல் வணிக வேட்டைக்கான அளவு பூஜ்யம். கவனியுங்கள், ‘கூடாது’ என்று எழுதவில்லை. ‘அளவு 0’ என்று எழுதினார்கள். 1990-க்குள் மறுபடி பார்ப்போம் என்றும் சேர்த்தார்கள். அந்த 0 இன்றுவரை மாறவில்லை.

இதில் ஓட்டை எங்கே? ஊர்க் கூட்டத்தில் பெரும்பான்மையாக முடிவெடுத்தால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். இந்த ஆணையத்தில் 90 நாளுக்குள் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த முடிவு அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. இதற்கு ஆட்சேபம் என்று பெயர். நார்வே ஆட்சேபித்தது, 1993 முதல் வெளிப்படையாகவே வணிக வேட்டை நடத்துகிறது. அதைச் சட்டமீறல் என்று சொல்ல முடியாது. ஐஸ்லாந்து 1992-ல் வெளியேறி, 2002-ல் ‘இந்த ஒரு விதி எனக்கு ஆகாது’ என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது.

ஜப்பானும் ஆட்சேபித்ததுதான். அமெரிக்கா தன் கடலில் மீன்பிடி உரிமையைப் பறித்துவிடுவேன் என்று மிரட்டியதால் பின்வாங்கியது. பின்வாங்கிய கையோடு இன்னொரு கதவைத் திறந்தது. ஆராய்ச்சிக்காகத் திமிங்கலத்தைக் கொல்ல ஒரு நாடே தனக்கு அனுமதி கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. கொன்றதை வீணாக்காமல் பதப்படுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, ஆராய்ச்சிக்குக் கொன்றது சந்தையில் கறியாக விற்றது. 2010-ல் ஆஸ்திரேலியா சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2014 மார்ச் 31 அன்று 12 நீதிபதிகள் ஒருபக்கம், 4 பேர் மறுபக்கம்: அண்டார்டிக்கில் ஜப்பான் கொடுத்த அனுமதிகள் அறிவியல் ஆராய்ச்சிக்கானவை அல்ல என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் 2019 ஜூன் 30-ல் ஜப்பான் ஆணையத்தைவிட்டே வெளியேறி, மறுநாளே தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. அண்டார்டிக் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது.

நமக்குக் கடல் என்றால் தொண்டி. அந்தக் கடலும் சேர்ந்த இந்தியப் பெருங்கடலை 1979-லேயே திமிங்கலச் சரணாலயமாக ஆணையம் அறிவித்துவிட்டது என்பது கரையில் நிற்பவர்களில் பலருக்குத் தெரியாது.

சுருக்கமாக: உலகச் சட்டம் என்று ஒன்று இருந்து அதை மூன்று நாடுகள் மீறவில்லை. ஆட்சேபம், நிபந்தனை, வெளியேற்றம் என்று ஆளுக்கொரு வாசல் வழியாக விதிக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கே பிடித்து உள்ளே போட எந்தப் போலீசும் இல்லை.

ரப்பர் படகு என்ன செய்கிறது

வான்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகில் கிளம்பிய கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர், 1975 ஜூன் மாதம் கலிபோர்னியாவுக்கு அப்பால் சோவியத் வேட்டைக் கப்பல்களைக் கண்டுபிடித்தார்கள். ரப்பர் படகை இறக்கி, துப்பாக்கிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவில் போய் நின்றார்கள். ஆள் நின்றால் சுட மாட்டான் என்பது நம்பிக்கை. சுட்டான். வெடி ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே போய்த் திமிங்கலத்தில் இறங்கியது. அந்தத் திமிங்கலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் படம் எடுத்திருந்தார்கள். அதுவரை திமிங்கல எண்ணெயை டப்பாவில் மட்டும் பார்த்தவர்கள் அன்று டிவியில் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

இதற்குச் சாட்சியாக நிற்பது என்று பெயர். கையை ஓங்காமல், நடப்பதை ஊர் பார்க்க வைப்பது.

இன்னொரு வழி நேரடித் தடுப்பு. கிரீன்பீஸிலிருந்து பிரிந்த பால் வாட்சன் 1977-ல் தொடங்கிய சீ ஷெப்பர்ட் இந்த வழியில் போனது. 1979-ல் போர்ச்சுகல் அருகே சியரா என்ற வேட்டைக் கப்பலைத் தன் கப்பலால் இடித்தது. 1986-ல் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஆளில்லாத இரண்டு வேட்டைக் கப்பல்களை அதன் ஆட்கள் மூழ்கடித்தார்கள். அண்டார்டிக்கில் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றமடிக்கும் அமிலப் பாட்டில்களை எறிந்தார்கள், எதிரிக் கப்பலைத் தள்ளும் அடிவிசிறியில் கயிறு சுற்ற வைத்தார்கள். 2010-ல் அவர்களுடைய வேகப்படகு ஒன்று ஜப்பானியக் கப்பலோடு மோதி மூழ்கிப்போனது.

உண்மையில் வேலை செய்தது நாற்றப் பாட்டில் இல்லை. வேட்டைக் கூட்டத்தில் சுடுகிற கப்பல்கள் வேறு, அறுத்துப் பதப்படுத்தும் தாய்க் கப்பல் வேறு. தாய்க் கப்பலின் பின்பக்கம் கடல்வரை இறங்கும் ஒரு சரிவு இருக்கும். செத்த திமிங்கலத்தை அதன் வழியாகத்தான் மேலே இழுக்க முடியும். அந்தச் சரிவுக்குப் பின்னால் ஒரு கப்பல் ஒட்டிக்கொண்டே வந்தால் போதும். எத்தனை சுட்டாலும் ஏற்ற முடியாது. அரிசி ஆலை வாசலில் லாரியைக் குறுக்கே நிறுத்துவது மாதிரி. 2010-11 பருவத்தில் சுமார் 850 மிங்கி பிடிக்கத் திட்டமிட்ட ஜப்பான், 170 மிங்கியோடு முன்கூட்டியே திரும்பியது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பனிக்கட்டிக் கடலில் ஒருவர் கப்பலை ஒருவர் முடமாக்குவது மாலுமியின் உயிரோடு விளையாட்டு. அந்த மாலுமியும் கூலிக்குப் போனவன்தான். போருக்குப் பிந்திய பஞ்சத்தில் ஜப்பான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் திமிங்கலக் கறிதான் போட்டார்கள் என்பதையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது. வெளிநாட்டான் வந்து மிரட்டுகிறான் என்ற ரோஷத்திலேயே, கறி தின்னாதவர்கள்கூட வேட்டைக்குப் பரிந்து பேசியதும் நடந்தது.

மூன்றாவது வழி கடைவீதியில். 1980களின் கடைசியில் ஐஸ்லாந்து மீனை வாங்காதீர்கள் என்று அமெரிக்காவில் பிரசாரம் நடந்தது. மீன் ஏற்றுமதியில் பிழைக்கும் நாட்டுக்கு, திமிங்கலத்தில் வருவதைவிட மீனில் போவது அதிகம் என்றானது. 1989-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஐஸ்லாந்து வேட்டைக்குப் போகவில்லை.

மூன்று வழியிலும் உள்ளே ஓடுவது ஒரே இயந்திரம்தான். படகு குறுக்கே நின்றால் டீசல் வீண், நாள் வீண். படம் வெளியே போனால் கறிக்கு விலை விழும். புறக்கணித்தால் வேறு வியாபாரத்தில் அடி. நூற்றுக்கு ஏழு தரும் வங்கிக் கணக்கை எவராலும் குறைக்க முடியாது. கொல்வதில் வரும் வரவைக் குறைக்கலாம். போராளிகள் செய்வது செலவுப் பத்தியில் எழுதும் வேலை.

இன்றைய ஐந்தொகை

பிரேசில் பக்கத்துக் கூனல் திமிங்கலங்கள் ஒரு காலத்தில் 450 அளவுக்குக் குறைந்து, இப்போது ஏறத்தாழ 25,000 ஆகியிருக்கின்றன. அண்டார்டிக் நீலத் திமிங்கலம் இன்னும் தேறவில்லை. வேட்டையைவிடப் பெரிய எமன் இப்போது வலை: ஆண்டுக்கு 3 லட்சத்துக்குக் குறையாத திமிங்கல, டால்பின் இனங்கள் மீன்வலையில் சிக்கிச் சாவதாக ஆணையமே சொல்கிறது. அதற்கெதிராகக் குறுக்கே நிற்கும் படகைக் காண்பது அரிது. நிற்கவும் இடமில்லை.

நார்வே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் அனுமதி கொடுத்தாலும் பிடிபடுவது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். படகும் குறைவு, வாங்கவும் ஆளில்லை. ஜப்பானில் 1962-ல் 2 லட்சம் டன்னைத் தாண்டிய கறி நுகர்வு, இப்போது சில ஆயிரம் டன். அப்படியும் 2024-ல் 750 கோடி யென் செலவில் கங்கெய் மாரு என்ற புதுத் தாய்க் கப்பலை இறக்கினார்கள். பின் வகைத் திமிங்கலத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தக் கப்பலை மறிக்கக் கிளம்பிய பால் வாட்சனை அந்த ஜூலையில் டென்மார்க்கின் கீழுள்ள கிரீன்லாந்தில், ஜப்பானின் பழைய பிடியாணையின்பேரில் கைது செய்தார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். ஒப்படைக்க முடியாது என்று டென்மார்க் சொன்ன பிறகு டிசம்பரில் வெளியே வந்தார்.

கணக்கப்பிள்ளை ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னபோது கைதுக் கதையில் அவருக்கு ஆர்வமில்லை. கப்பலிலேயே நின்றார்.

“750 கோடி போட்ட கப்பல் எத்தனை வருசம் ஓடும்?”

“30 வருசம் ஓட்டணும்னு திட்டமாம், ஐயா.”

“அந்தக் கறியை இப்ப யார் திங்கிறா?”

“பெரும்பாலும் வயசானவங்க. பள்ளிக்கூடத்துல தின்னு வளர்ந்த தலைமுறை.”

விரல் விட்டு ஏதோ எண்ணினார். கண்ணாடி டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு, “கடன் கொடுத்தவன் பாவம்” என்றார்.